கறுப்புச் சீட்டுக்காரியைத் தொட்ட குற்றம்

பேரிடர் நடந்த இடத்துக்குப் போய்ச் சேரும் நர்ஸ் முதலில் செய்ய வேண்டிய வேலை யாரையும் காப்பாற்றுவது அல்ல. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் கோபம் போய்விடும்.

காயம்பட்டவர்கள் திரளாகக் கிடக்கிறார்கள். வந்திருக்கும் நர்ஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலில் கண்ணில் படுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுப்போட ஆரம்பித்தால், நாலடி தள்ளிக் கிடப்பவர் சத்தமில்லாமல் மூச்சடைத்துப் போய்விடுவார். ஆகவே முதல் வேலை பிரிப்பது. "நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் அந்தச் சுவர்ப் பக்கம் போங்க" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். எழுந்து போகிறவர்களுக்குப் பச்சைச் சீட்டு. அவர்கள் எவ்வளவு அலறினாலும் பச்சைதான். அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். எழுந்து போகாதவர்களிடம் குனிந்து மூச்சு, நாடி, சொன்னதைச் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். உடனே கவனிக்காவிட்டால் போய்விடுவார் என்றால் சிவப்பு. கொஞ்சம் தாங்குவார் என்றால் மஞ்சள். தலையை நிமிர்த்தி மூச்சுப் பாதையைத் திறந்த பிறகும் மூச்சு வரவில்லை என்றால் கறுப்பு. கறுப்புச் சீட்டு கட்டியவரிடம் அதற்குமேல் நிற்கக்கூடாது. அடுத்தவர் காத்திருக்கிறார்.

கல்நெஞ்சம் போலத் தோன்றினாலும் அழகான ஏற்பாடு. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. சீட்டு கட்டுவதற்கு முன்னால் யாராவது குனிந்து பார்த்திருக்க வேண்டும். கட்டிய பிறகும் அவ்வப்போது திரும்ப வந்து பார்க்க வேண்டும்.

இந்தக் கதை நடந்த நர்ஸிங் கல்லூரியில் அந்த நிபந்தனையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மிகச் சிறப்பாகக் கற்பித்தார்கள்.

கல்லூரிக்குத் தரக்குழு வரப்போகிறது என்று ஒரு நாள் அறிவிப்பு வந்தது. தரக்குழு என்பது கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து, இது நல்ல கல்லூரி என்று சான்று கொடுக்கும் குழு. இந்த முறை அவர்கள் கேட்டிருப்பது, பேரிடர்க் காலத்தில் நோயாளிகளைக் கவனிக்க மாணவிகளுக்குத் தேவையான அடிப்படைத் திறன்கள். எந்த மாணவிக்கு அந்தத் திறன்கள் இருப்பதாகச் சான்றிதழ் கிடைக்கவில்லையோ, அவள் இறுதித் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

பிரின்சிபால் எல்லா மாணவிகளையும் கூட்டிப் பேசினார்.

"பேரிடர் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ஆனா தரக்குழு எப்ப வரும்னு எனக்கு நல்லாத் தெரியும். அப்ப நாம எதுக்கு முதல்ல தயாராகணும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

தயாரிப்பு தொடங்கியது. திறன்கள் ஒவ்வொன்றும் முறைப்படி சோதிக்கப்பட்டன. தொடர்பாற்றலைச் சோதிக்க மாணவிகளை வரிசையில் நிற்கவைத்து, பேசுகிறவர்களுக்கு மதிப்பெண் குறைத்தார்கள். தலைமைப் பண்பு யாருக்கு இருக்கிறது என்று அறிய, அனுமதி கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கூட்டாகச் செயல்படும் திறனை ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டார்கள். நோயாளியைத் தூக்கும் திறனுக்காகப் புது ஸ்ட்ரெச்சர்கள் வந்து இறங்கின. தரக்குழு பார்ப்பதற்குள் அழுக்காகிவிடக் கூடாது என்பதால், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் கண்ணாடி அறையில் வைத்துப் பூட்டினார்கள். மாணவிகள் கண்ணாடிக்கு வெளியே நின்று அவற்றின் பாகங்களை மனப்பாடம் செய்தார்கள்.

இறுதியாண்டில் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் அவளைச் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கையைத் தூக்கி "ஒரு சந்தேகம் சார்" என்று சொல்லாமல் அவளுக்கு ஒரு வகுப்பும் முடியாது. அவளுடைய அறைத்தோழிக்குப் பெயர் குண்டூசி. ஆளும் மெலிவு, பேச்சும் குத்தும். சந்தேகத்தின் அம்மா தையல் தைத்து மகளைப் படிக்கவைக்கிறவர். பெரிய மருத்துவமனை ஒன்றில் தேர்வு முடிந்ததும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் இந்த வருடமே தேர்வு எழுதியாக வேண்டும், அதற்கு அந்தச் சான்றிதழ் வந்தாக வேண்டும்.

"இன்னும் ஒரு வருஷம்னா என் கண்ணு ஒத்துழைக்காதுடி" என்று அம்மா போனில் சொல்லியிருந்தார். "ஊசியில நூல் கோக்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுறேன்."

கடைசித் திறன் திடீர் ஒத்திகை. அதைப் பற்றியும் பிரின்சிபால் விளக்கினார்.

"இந்த மாசத்துக்குள்ள எந்த நிமிஷம் வேணும்னாலும் நடக்கும். உங்க கண்ணு முன்னால ஒருத்தர் விழுந்தா, நிஜமா விழுந்தாரா, நாங்க விழச் சொன்னோமான்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. எதைப் பார்த்தாலும் சந்தேகப்படணும். சந்தேகம்தான் பேரிடர் நர்ஸோட முதல் ஆயுதம்."

சந்தேகம் கையைத் தூக்கினாள். "ஒரு சந்தேகம் சார். எங்களுக்குத் தெரியாட்டிப் பரவாயில்ல. விழுந்தவருக்காவது தெரியுமா சார்?"

அரங்கம் சிரித்தது. பிரின்சிபால் சிரிக்கவில்லை.

"மதிப்பீட்டாளர் மேடத்துக்குத் தெரியும். அது போதும்."

மதிப்பீட்டாளர் மேடம், அதே கல்லூரியின் மூத்த ஆசிரியை, நெஞ்சோடு அணைத்திருந்த எழுதுபலகையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார்.

அன்றிலிருந்து கல்லூரியில் யாரும் நிம்மதியாகத் தும்ம முடியவில்லை. ஒத்திகையில் காயம்பட்டவராக நடிப்பவரின் கழுத்தில் என்ன காயம் என்று எழுதிய அட்டை தொங்கும் என்பது விதி. ஒரு நாள் விடுதிச் சமையல்காரம்மா கொதிக்கும் எண்ணெயைக் கையில் கொட்டிக்கொண்டு அலறினார். மாணவிகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"உங்க அட்டை எங்கக்கா?"

"என்ன அட்டை? கை எரியுதும்மா!"

"கழுத்துல இல்லையே. ஒருவேளை இது ரகசிய ஒத்திகையா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"நல்லா நடிக்கிறாங்க" என்றாள் இன்னொருத்தி.

சமையல்காரம்மா அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்த் தானே குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டார். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று மாணவிகள் குறித்துக்கொண்டார்கள்.

சந்தேகத்தின் நிலைமை இன்னும் மோசம். அம்மா போனில் "குளியலறையில வழுக்கிட்டேன்டி, கால் வீங்கியிருக்கு" என்றதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. காலேஜ்ல இருந்து யாராச்சும் உனக்கு போன் பண்ணாங்களா?"

"எதுக்கு?"

"வழுக்கி விழச் சொல்லி."

"ஏன்டி, நான் விழறதுக்குக்கூட உங்க பிரின்சிபால்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா? ஐஸ் வைக்கலாமா, வெந்நீர் ஊத்தலாமா? அதைச் சொல்லு முதல்ல."

"ஐஸ்மா. காலைத் தூக்கி வை."

"இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று அம்மா போனை வைத்தார்.

திடீர் ஒத்திகையின் தேதி வெளியே கசிந்துவிடும் என்று கல்லூரிக்கும் மாணவிகள்மேல் சந்தேகம் இருந்தது. அதனால் பிரின்சிபால் தேதியை யாரிடமும் சொல்லவில்லை. இருந்தாலும் முந்தின நாள் பூந்தொட்டிகளுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். விடுதிக் கழிப்பறையில் சோப்பு வைத்தார்கள். கழிப்பறையில் சோப்பைப் பார்த்த குண்டூசி அறைக்கு வந்து, "நாளைக்குப் பேரிடர்டி" என்று அறிவித்தாள்.

ஒத்திகையில் அவளுக்குக் கொடுத்த வேடம் பிணம். கறுப்புச் சீட்டு.

நடிப்புக்கும் மதிப்பெண் உண்டு. முன்னோட்டத்தின்போது குண்டூசி பிணமாகக் கிடந்தபடியே களுக்கென்று சிரித்துவிட்டாள். "செத்தவ சிரிப்பாளா?" என்று மதிப்பீட்டாளர் மேடம் எல்லார் முன்னாலும் திட்டியதோடு, இன்னொரு முறை அசைந்தால் சான்றிதழ் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். மற்ற மாணவிகளுக்கு ஒரு கட்டளை: கறுப்புச் சீட்டைத் தொடுவது பெருந்தவறு. தொட்டவள் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் தோல்வி.

"இந்தத் தடவை பாரு" என்றாள் குண்டூசி. "மேடமே பயந்து மாலை வாங்கப் போயிடுவாங்க. அப்படிச் சாகப்போறேன்."

மறுநாள் விடியும்போதே மழை கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் போனது. தரக்குழுத் தலைவர் வந்து இறங்கும் நேரம். வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். வழக்கமாக அதை வெளியே மைதானத்து ஓரம் வைப்பார்கள். பிரின்சிபாலுக்கு அது சரிப்படவில்லை.

"மழையில நனையும். சத்தத்துல மைக் கேக்காது. அரங்கத்துக்குப் பின்னால நடை இருக்கு பாருங்க, அங்க வைங்க."

"உள்ள வச்சா புகை வருமே சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"வரட்டுமே. பேரிடர் மாதிரி இருக்கும்."

நடைக்கும் அரங்கத்துக்கும் நடுவே ஒரு கதவு. ஜெனரேட்டரின் மின்கம்பி போக வேண்டும் என்பதால் அதைச் சாத்த முடியவில்லை. சாரல் அடித்து மேடைத் துணி நனையும் என்று ஜன்னல்களை மட்டும் ஒன்றுவிடாமல் சாத்தினார்கள். காயம்பட்டவர்களாக நடிக்கும் முதலாண்டு மாணவிகளை அரங்கத்தின் நடுவே படுக்கவைத்தார்கள். பிணம் ஓரமாக இருப்பதுதான் முறை என்று குண்டூசியை அந்தக் கதவின் பக்கத்தில் கிடத்தினார்கள்.

தரக்குழுத் தலைவர் பேச எழுந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. கல்லூரிக்குப் புதிதாக வாங்கிய ஆம்புலன்ஸ் வாசலில் ரிப்பன் கட்டி நிற்கிறது, பேச்சு முடிந்ததும் தலைவர் ரிப்பனை வெட்ட வேண்டும், கத்தரிக்கோல் இல்லை. வாசல் கதவருகே நின்ற சந்தேகத்தை விரட்டினார்கள். அவள் மழையில் நனைந்துகொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். சாவி வைத்திருப்பவரைத் தேடி, கத்தரி கண்டுபிடித்து, அதற்கு ஒரு தட்டு கண்டுபிடித்து, தட்டுக்கு ஒரு பட்டுத்துணி கண்டுபிடித்துத் திரும்பிவர நெடுநேரம் ஆகிவிட்டது.

அரங்கத்துக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள்.

பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை, தலைவர் பேசிக்கொண்டிருந்தார். மைக் போட வந்த ஆள் தலையைப் பிடித்துக்கொண்டு பெட்டியின்மேல் கவிழ்ந்திருந்தார். தலைவரே நாக்குக் குழற, முன்பு படித்த பக்கத்தைத் திரும்பவும் படித்துக்கொண்டிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. அவர் சாதாரணமாகவே அப்படித்தான் பேசுவார் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். முதலாண்டு மாணவி ஒருத்தி வாந்தி எடுத்தாள். 'இயல்பான நடிப்பு' என்று எழுதிவிட்டு மதிப்பீட்டாளர் மேடம் நெற்றியைப் பிசைந்துகொண்டார்.

ஒத்திகையில் இதுவும் ஒரு பகுதி என்றுதான் சந்தேகம் முதலில் நினைத்தாள். பிறகு அவள் கண்ணில் ஒன்று பட்டது. கால் முறிவு என்று அட்டை தொங்கியவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையில் தீக்காயம் என்று தொங்கியவளும் தலையைத்தான் பிடித்திருந்தாள். அட்டையே இல்லாத மைக்காரருக்கும் அதே. ஒரே அறையில் இருக்கும் பலருக்கு ஒரே மாதிரி வந்தால், ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அறையைப் பார்க்க வேண்டும். அவள் அறையைப் பார்த்தாள். சாத்திய ஜன்னல்கள். திறந்த கதவு. கதவுக்கு அப்பால் உறுமிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜெனரேட்டர் புகையில் கண்ணுக்குத் தெரிகிற கரியைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரும் இருக்கையில் அது துண்டு போட்டு இடம்பிடித்துக்கொள்ளும், எளிதில் எழுந்திருக்காது. மனிதன் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருப்பான், உள்ளே போவதால் பயன் இருக்காது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு இதமான தூக்கம். ஆக, சுவையற்ற சொற்பொழிவு நடக்கும் அரங்கத்தைவிட அதற்குத் தோதான மறைவிடம் உலகத்தில் கிடையாது.

சந்தேகம் தட்டோடு குண்டூசியிடம் ஓடினாள். கூப்பிட்டாள். பதில் இல்லை. பிணம் பதில் சொல்லாதுதான். தோளைக் கிள்ளினாள். ம்ஹூம். சட்டென்று உள்ளங்காலில் விரலால் கீறினாள். உள்ளங்காலைத் தொட்டால் தூக்கத்தில்கூட எட்டி உதைக்கிறவள் குண்டூசி. சந்தேகம் அறையில் அப்படிப் பலமுறை உதை வாங்கியிருக்கிறாள். கால் அசையவில்லை.

"ஏய்! கறுப்புச் சீட்டைத் தொடாதே!" மதிப்பீட்டாளர் மேடம் தள்ளாடிக்கொண்டு வந்தார். "பெருந்தவறு! நீ ஃபெயில்!"

"மேடம், இவளுக்கு நினைவு இல்ல."

"பிணத்துக்கு எப்படி நினைவு இருக்கும்? எவ்வளவு அருமையா நடிக்கிறா! கெடுக்காதே."

"ஜெனரேட்டர் புகை மேடம். எல்லாருக்கும் தலை வலிக்குது பாருங்க. உங்களுக்கு வலிக்கலையா?"

"எனக்கு இந்த மாதிரிக் கூட்டத்துல எப்பவுமே வலிக்கும்." மேடம் பையிலிருந்து ஆக்ஸிஜன் அளவு காட்டும் சின்னக் கருவியை எடுத்துக் குண்டூசியின் விரலில் மாட்டினார். "பாரு, தொண்ணூத்தொன்பது. உனக்கும் எனக்கும்கூட இவ்வளவு இருக்காது."

கருவியின்மேல் பிழை இல்லை. விரலுக்குள் ஒளியைச் செலுத்தி ரத்தம் எவ்வளவு சிவப்பாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. இருக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று அதற்குத் தெரியும். உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாது.

"அது இந்தப் புகையைப் பிரிச்சுக் காட்டாது மேடம்."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. சந்தேகம்தான்."

"சந்தேகத்துக்கெல்லாம் ஒத்திகையை நிறுத்த முடியுமா?"

சந்தேகம் ஒரு நொடி மேடத்தின் எழுதுபலகையைப் பார்த்தாள். அதில் தன் பெயருக்கு நேராகச் சிவப்பு மை விழுந்துவிட்டது தெரிந்தது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நடைக்கு ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினாள். விளக்கு அணைந்தது, மைக் செத்தது, பேச்சு நின்றது. திரும்பிவந்து அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் வெளிய போங்க! ஜன்னலைத் திறங்க!"

மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த வாக்கியம் அது. அரைத்தூக்கத்திலும் மாணவிகளின் கால்கள் கீழ்ப்படிந்தன. மேடையில் இருந்தவர்களால்தான் தாமதம். தலைவர் முன்னால் போக வேண்டும் என்று பிரின்சிபால் ஒதுங்கினார். பிரின்சிபால்தான் இடத்துக்கு உரியவர் என்று தலைவர் ஒதுங்கினார். இருவரும் வாசலில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றதில் பின்னால் வந்தவர்கள் தேங்கினார்கள். கடைசியில் மைக்காரர் இருவரையும் சேர்த்து வெளியே தள்ளினார்.

இரண்டு தோழிகளின் உதவியோடு குண்டூசியை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள் சந்தேகம். ஸ்ட்ரெச்சர்கள் கண்ணாடி அறையில் பத்திரமாக இருந்தன. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் இருந்தது. கதவின் குறுக்கே ரிப்பனும் இருந்தது.

"இன்னும் ரிப்பன் வெட்டலையேம்மா" என்றார் டிரைவர். "தொட்டா என் வேலை போயிடும்."

சந்தேகம் இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்து வெட்டினாள். யாரும் கைதட்டவில்லை.

முகமூடி மாட்டி ஆக்ஸிஜனை முழுசாகத் திறந்துவிட்டபடி அவர்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்திருந்தால் கறுப்புச் சீட்டை அவிழ்க்க வேண்டிய அவசியமே வந்திருக்காது என்றார். குண்டூசி மறுநாள்தான் தெளிவாகப் பேசினாள். ஒத்திகையில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண் என்ற செய்தியைச் சொன்னார்கள்.

"செத்தாத்தான் அந்த மேடம் முழு மார்க் போடும்னு எனக்கு முன்னாடியே தெரியும்டி" என்றாள். பிறகு தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

அந்த வாரமே விசாரணை. பிரின்சிபால் அறையில் பிரின்சிபால், தரக்குழுத் தலைவர், மதிப்பீட்டாளர் மேடம் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகமும் குண்டூசியும் நின்றார்கள். குண்டூசியின் அப்பா பஸ் கண்டக்டர். மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூட வந்து, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் புகைக்குப் பிறகு கதவைச் சாத்த யாருக்கும் மனம் வரவில்லை.

மேடம் குற்றங்களைப் படித்தார். கறுப்புச் சீட்டைத் தொட்டது. உரையின் நடுவே மின்சாரத்தை நிறுத்தியது. உரிமை இல்லாமல் ரிப்பனை வெட்டியது.

"மூணுமே பெரிய குற்றம்" என்றார் பிரின்சிபால். "ஆனா நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. தலைவர் ஒரு வழி சொல்லியிருக்கார்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு நடந்ததைத் திடீர் ஒத்திகையோட கடைசிக் கட்டம்னு எடுத்துக்கலாம். மாணவிகளுக்கே தெரியாம நிஜமான ஆபத்தை உருவாக்கி, அதை ஒரு மாணவி கண்டுபிடிச்சு, எல்லாரும் உயிரோட வெளிய வந்தாங்க. வேற எந்தக் காலேஜும் இவ்வளவு துணிச்சலாச் செஞ்சதில்ல. இந்தக் காலேஜுக்கு உயர்ந்த தரச்சான்று கொடுக்கலாம். உனக்கும் சான்றிதழ் கிடைக்கும். நீ செய்ய வேண்டியது, ஆமா இது ஒத்திகைதான்னு குழு முன்னால சொல்றது. அவ்வளவுதான்."

சந்தேகத்துக்கு அம்மாவின் கண் நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேர்வு, வேலை, எல்லாம் கைக்கு வந்துவிடும். குண்டூசி மெல்ல அவள் காதருகே, "சொல்லிடுடி. எனக்கொண்ணும் இல்ல" என்றாள்.

"ஒரு சந்தேகம் சார்" என்றாள் சந்தேகம்.

பிரின்சிபால் கண்ணை மூடித் திறந்தார். "கேளு."

"ஒத்திகைன்னு நான் சொல்லிட்டா, அடுத்த வருஷமும் ஜெனரேட்டரை உள்ளதான் வைப்பீங்களா?"

"நல்லா நடந்த ஒத்திகையை ஏன் மாத்தணும்?" என்றார் தலைவர்.

"அப்ப நான் சொல்ல மாட்டேன் சார்."

"ஒரு வருஷம் போயிடும்மா. யோசிச்சுப் பேசு" என்றார் மேடம். அவர் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் கவலை இருந்தது.

"யோசிச்சுட்டேன் மேடம். அடுத்த வருஷம் கதவுப் பக்கத்துல யாரைப் படுக்க வைப்பீங்களோ, அவளுக்குக் கால் கூசுமா கூசாதான்னு எனக்குத் தெரியாது."

தலைவருக்கு எரிச்சல் வந்தது. "இந்தப் பொண்ணு சொல்லாட்டி என்ன? திட்டம் போட்டவங்க நாங்க சொன்னாப் போதாதா? ஆபத்து நிஜம் மாதிரி இருக்கணும்கிறது எங்க குழுவோட வழிகாட்டுதல்."

"மன்னிக்கணும்" என்று பிரின்சிபால் நிமிர்ந்தார். "வழிகாட்டுதல் உங்களுது. ஆனா ஜெனரேட்டரை உள்ள வைக்கிற யோசனை என்னோடது. புகை வரும்னு அன்னிக்கே எலக்ட்ரீஷியன் சொன்னார். வரட்டும்னு நான்தான் சொன்னேன்."

"எங்க குழு இல்லாம அந்த யோசனை உங்களுக்கு வந்திருக்குமா?"

"ஓரமாப் பிணத்தை வைக்கணும்னு சொன்னது நான்" என்று மேடமும் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

கதவருகே நிழல் விழுந்தது. கண்டக்டர் உள்ளே வந்து நின்றார்.

"நான் அந்த பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார் மெதுவாக. "சரியாக் காதுல விழல. எம் பொண்ணு படுத்திருந்த இடத்துல தெரிஞ்சே புகையை விட்டது எந்த சார்?"

"நான் வெறும் பார்வையாளன்" என்றார் தலைவர்.

"மழை பெஞ்சுது. மழையை யார் திட்டம் போட முடியும்?" என்றார் பிரின்சிபால்.

மேடம் எழுதுபலகையைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப அது ஒத்திகை இல்ல. விபத்து" என்றார் கண்டக்டர்.

"விபத்துதான்" என்றார்கள் தலைவரும் பிரின்சிபாலும் ஒரே குரலில்.

"விபத்துன்னா மதிப்பீடு செல்லாது" என்று மேடம் முணுமுணுத்தார். "மதிப்பீடு செல்லாதுன்னா இந்தப் பொண்ணு மட்டும் இல்ல, மொத்த வகுப்பும் தேறலைன்னு அர்த்தம்."

தலைவர் திடுக்கிட்டார். "ஒருத்திகூடத் தேறலைன்னா நான் இந்தக் காலேஜுக்கு எப்படிச் சான்று கொடுக்கிறது? அதுவும் நானே மேடையில உட்கார்ந்திருந்தப்ப?"

ஒரு மாணவி தோற்றால் அது மாணவியின் குறை. எல்லா மாணவிகளும் தோற்றால் அது கல்லூரியின் குறை. கல்லூரிக்குக் குறை இருக்க முடியாது என்பதால், சிறிது ஆலோசனைக்குப் பிறகு எல்லாரும் தேர்ச்சி பெற்றதாக முடிவானது. குற்றங்கள் மூன்றும் நடக்காத ஒத்திகையில் நடந்தவை என்பதால் தாமாகவே நீங்கின. ஜெனரேட்டர் இனி வெளியேதான் என்று கண்டக்டர் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் அறையைவிட்டுப் போனார்.

சான்றிதழ் வழங்கும் விழாவை அதே அரங்கத்தில் ஏற்பாடு செய்தார்கள். பிரின்சிபால் மேடையில் நின்று பெயர்களை வாசித்தார். யாரும் வரவில்லை. இறுதியாண்டு வகுப்பு முழுவதும் அரங்கத்துக்கு வெளியே, வெயிலில், வரிசையாக நின்றது. கூப்பிட்ட பெயருக்கு உரியவள் அங்கிருந்தே "இங்க இருக்கேன் சார்" என்று குரல் கொடுத்தாள். உள்ளே வரச் சொன்னார், வரவில்லை. மேடம் போய் அதட்டிப் பார்த்தார். போனவர் அவர்களோடு நின்றுகொண்டார். ஜன்னல்களைத் திறந்து காட்டினார்கள். மாணவிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

சந்தேகத்தின் முறை வந்தபோது, பிரின்சிபால் சான்றிதழ்க் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். நீளமான காலி அரங்கத்தைத் தனியாகக் கடந்து வாசலுக்கு வந்தார். அவள் கையில் சான்றிதழைக் கொடுத்தார். அவள் "நன்றி சார்" என்றாள்; வேறெதுவும் கேட்கவில்லை. பிரின்சிபால் அடுத்த பெயரை வாசிக்கும் முன், அந்தத் திறந்த வெளியில் தன்னையறியாமல் ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டார்.

அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.